போடிமெட்டு வரைபடமும் உடைந்துபோன 'போ'வும்

வணக்கம் நண்பர்களே. எனக்குப் பின்னால் தெரிகிறது பாருங்கள், அதுதான் போடிமெட்டு. முகட்டுக்கு அந்தப் பக்கம் இடுக்கி மாவட்டம். விடிவதற்குள் இங்கிருந்து ஏலத்தோட்டத்து ஜீப்புகள் 17 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி, பூப்பாறை, சாந்தன்பாறை என்று பிரிந்து போய்விடும். என் சித்தியும் அப்படி ஒரு ஜீப்பில்தான் வேலைக்குப் போகிறார். ஜீப் எங்கெங்கே நிற்கும், மருந்துக்கடை எங்கே, மழைக்கு எங்கே ஒதுங்கலாம் என்று காட்டும் இணைய வரைபடம் ஒன்றை அவருக்காகச் செய்தேன். இன்றைக்கு அதைப் பற்றித்தான் பேசப்போகிறேன்.

முதல் முயற்சியைச் சித்தியின் போனில் திறந்து கொடுத்தேன். அவர் கேட்ட முதல் கேள்வி: "எழுத்தெல்லாம் உடைஞ்சு கிடக்கே, இது நம்ம ஊர்தானாப்பா?"

திரையைப் பாருங்கள். 'போடி' என்பதில் 'ப' தனியாக நிற்கிறது, அதற்குப் பின்னால் கொம்பும் காலும் ஒட்டிக்கொண்டு நிற்கின்றன. 'தேவாரம்', 'கோம்பை' எல்லாவற்றுக்கும் இதே கதி. நான் பயன்படுத்துவது மேப்லிப்ரே, இணையப் பக்கத்தில் வரைபடம் வரைந்து காட்டும் இலவச நிரல். மேப்பாக்ஸ் நிறுவனம் 2020 டிசம்பரில் தன் நிரலின் உரிமத்தை மாற்றியபோது, பழைய திறந்த நிரலை வைத்துப் பலர் சேர்ந்து வளர்த்த கிளை அது. வரைபடத்தை வெப்ஜிஎல் என்ற உலாவி வசதி வழியாக நேரே கிராஃபிக்ஸ் சிப்பில் வரைவதால் வேகம் அருமை. ஆனால் நான் செய்த முறையில் பெயரின் ஒவ்வொரு எழுத்துக்குறியையும் அது தனித்தனிப் படமாக எடுத்து வரிசையாக ஒட்டுகிறது. ஆங்கிலத்துக்கு அது போதும். தமிழில் 'ே' குறியீட்டு வரிசையில் மெய்க்குப் பின்னால் வந்தாலும், கண்ணுக்கு முன்னால்தான் தெரிய வேண்டும். மலையாளத்துக்கும் இதே சிக்கல்தான், அதனால் மலைக்கு அந்தப் பக்கத்து ஊர்ப்பெயர்களும் உடைந்தன.

தீர்வு உலாவியிடமே இருந்தது. உலாவி தமிழைச் சரியாக எழுதும். ஊர் இருக்கும் இடத்தில் வைக்கும் ஐகானுக்கு, அதாவது சின்னப் படத்துக்கு, ஊர்ப்பெயரையே பெயராகக் கொடுத்துவிட்டேன். அப்படி ஓர் ஐகான் இல்லாததால் மேப்லிப்ரே 'ஸ்டைல்இமேஜ்மிஸ்ஸிங்' என்ற நிகழ்வை எழுப்பும், அதாவது 'படத்தைக் காணோம்' என்று என் நிரலுக்குச் சொல்லும். அந்த நொடியில் ஒரு சின்ன கேன்வாஸில், அதாவது உலாவி படம் வரையும் பலகையில், பெயரை எழுதி, முதலில் வெள்ளை ஓரம், அதன் மேல் கருப்பு எழுத்து, படமாகச் சேர்த்துவிடுகிறேன். பெயர்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் விலகி நிற்கும் வசதியும் கெடவில்லை. ஒன்றை மறக்காதீர்கள்: எழுத்துரு முழுதாக இறங்கிய பிறகு வரையுங்கள். வளைந்து போகும் சாலையின் மேல் பெயரை வளைத்து எழுத இந்த வழி உதவாது. எனக்கு ஊர்ப்பெயர்கள் சரியாக வந்தாலே போதும் என்று விட்டுவிட்டேன்.

சரி, அழகுக்கு வருவோம். மலையை மலையாகக் காட்டாவிட்டால் இந்த ஊருக்கு வரைபடம் எதற்கு? உயரத் தரவு 2000 பிப்ரவரியில் எண்டெவர் விண்கலம் ரேடாரால் அளந்தது, ஏறக்குறைய 30 மீட்டருக்கு ஒரு புள்ளி. உயரத்தை ஒரு படத்தின் நிறத்துக்குள் ஒளித்து வைக்கிறார்கள்: சிவப்பை 256-ஆல் பெருக்கி, பச்சையைக் கூட்டி, நீலத்தை 256-ஆல் வகுத்துச் சேர்த்து, 32,768-ஐக் கழித்தால் மீட்டரில் உயரம். சிவப்பு 133, பச்சை 120, நீலம் 0 என்றால் 1,400 மீட்டர். எனக்கு இந்தக் கணக்கு அவ்வளவு பிடிக்கும்.

நிழலுக்கான ஒளி வடமேற்கிலிருந்து விழுகிறது. அதனால் கம்பம் பள்ளத்தாக்கின் பக்கம் இறங்கும் கிழக்குச் சரிவு அடர்ந்த நிழலில், சுவர் போல எழுந்து நிற்கிறது. நிஜத்தில் காலை வெயில் படுவது அந்தச் சரிவில்தான். ஒளியின் திசையை மாற்றிப் பார்த்தேன், மலை பள்ளமாகவும் பள்ளம் மலையாகவும் தெரிந்தது. பழையபடியே வைத்துவிட்டேன். முப்பரிமாணக் காட்சியும் செய்தேன். போன் சுட்டது. அது இப்போது ஒரு பொத்தானுக்குப் பின்னால் இருக்கிறது, வேண்டியவர்கள் தொட்டுக்கொள்ளலாம்.

வேகத்துக்கு வருகிறேன். நிறுத்தங்களை முதலில் தனித்தனி மார்க்கர்களாக, வரைபடத்தின் மேல் குத்திய ஊசிகள் போல, வைத்தேன். விரலால் நகர்த்தினால் எல்லாம் தள்ளாடின. அவற்றை வட்டங்களாக, வெப்ஜிஎல் அடுக்கில் வரைய மாற்றியதும் சரியானது. நிறுத்தங்களின் இடங்களை வைத்திருக்கும் ஜியோஜேசான் கோப்பில், அட்சரேகை, தீர்க்கரேகை எண்களில் தசமப் புள்ளிக்குப் பின் 15 இலக்கங்கள் இருந்தன. ஐந்து இலக்கம் இருந்தாலே ஏறக்குறைய ஒரு மீட்டர் துல்லியம். ஜீப் நிறுத்தத்துக்கு அதற்கு மேல் எதற்கு? அப்புறம் டிப்பிகேனோ என்ற கருவி வழியாக வெக்டர் டைல்களாக, அதாவது வரைபடத்தின் சின்னச் சின்னச் சதுரத் துண்டுகளாக, வெட்டி, பிஎம்டைல்ஸ் என்ற ஒரே கோப்பாக்கினேன். ஜூம் 14 என்ற பெரிதாக்கும் நிலையில் உலகம் முழுவதற்கும் 26 கோடியே 84 லட்சம் டைல்கள் வரும். எனக்கு வேண்டியது இந்த மலையைச் சுற்றிய கொஞ்சம்தான். தனி சர்வரும் வேண்டாம். கோப்பில் தேவையான துண்டை மட்டும் உலாவி கேட்டு வாங்கிக்கொள்ளும்.

சாலைகளும் ஊர்களும், யார் வேண்டுமானாலும் திருத்தக்கூடிய திறந்த வரைபடமான ஓபன்ஸ்ட்ரீட்மேப்பில் இருந்து வந்தவை. அந்தப் பெயரை மூலையில் தெளிவாகப் போடுங்கள், உரிமத்தில் அது கட்டாயம். உங்கள் ஊருக்குத் தமிழ்ப்பெயர் அதில் இல்லையென்றால் நீங்களே சேர்க்கலாம், ஐந்து நிமிட வேலை. நான் நேற்று நாலு பெயர் சேர்த்தேன்.

போன வாரம் சித்தி ஜீப்பில் போகும்போது அதைத் திறந்து, பக்கத்தில் இருந்த அக்காவிடம் காட்டினாராம். அந்த அக்கா சாந்தன்பாறைக்கு மேலே ஒரு நிறுத்தம் விட்டுப்போயிருக்கிறது என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். இந்தப் பதிவு முடிந்ததும் அதைத்தான் சேர்க்கப்போகிறேன்.