சார்லட்டின் பிரசவம்

நேயர்களுக்கு வணக்கம்.

அரச குடும்பங்களின் வம்சாவளிப் பட்டியலைப் படிப்பது எனக்கு நெடுநாள் பழக்கம். பிறந்த தேதி, கல்யாணத் தேதி, இறந்த தேதி, அவ்வளவுதான் அதில் இருக்கும். இதில் என்ன சுவாரசியம் என்று என் வீட்டிலேயே கேட்பார்கள். முப்பது வருஷம் செவிலியர் மாணவிகளுக்குப் பேறுகாலப் பாடம் நடத்தியவள் நான். பிள்ளை பிறந்த தேதியும் தாய் இறந்த தேதியும் அடுத்தடுத்து வரும் இடத்தில் என் கண் தானாக நின்றுவிடும். எட்டாம் ஹென்றியின் மூன்றாம் மனைவி ஜேன் சீமோர், 1537-இல் மகனைப் பெற்ற பன்னிரண்டாம் நாள் இறந்துபோனார். அப்படி எத்தனையோ. இன்றைக்கு நான் பேச எடுத்துக்கொண்டது 1817-ஆம் வருஷத்து வரி ஒன்று. மகன், நவம்பர் 5. தாய், நவம்பர் 6.

தாயின் பெயர் சார்லட், இங்கிலாந்து இளவரசி. இருபத்தொரு வயசுப் பெண். ‘அவள்’ என்றே சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்போது மன்னர் மூன்றாம் ஜார்ஜ். மனநிலை பிறழ்ந்து வின்ட்சர் கோட்டையில் அடைபட்டுக் கிடந்தார். அவர் இடத்தில் இருந்து ஆட்சியைக் கவனித்தவர் மூத்த மகன். அந்த மூத்த மகனின் ஒரே பெண் சார்லட். கிழவருக்குப் பிறந்த பிள்ளைகள் 15. அவர்களில் 12 பேர் 1817-இல் உயிரோடு இருந்தார்கள், எல்லாருக்கும் நாற்பதோ அதற்கு மேலோ வயது. அத்தனை பேருக்கும் சேர்த்து, சட்டப்படி அரியணைக்கு உரிமையுள்ள பேரப்பிள்ளை சார்லட் ஒருத்திதான். மன்னர் சம்மதம் இல்லாமல் அரச குடும்பத்தார் செய்யும் கல்யாணம் செல்லாது என்று 1772-இல் ஒரு சட்டம் கொண்டுவந்திருந்தார்கள். மகன்களில் பலர் மனசுக்குப் பிடித்தவளோடு தாலி கட்டாத குடும்பம் நடத்தினார்கள். மகள்களைக் கட்டிக்கொடுக்க அப்பாவுக்கு மனசே வரவில்லை.

சார்லட்டின் பெற்றோர் கதை தனிக்கூத்து. அப்பாவுக்குக் கழுத்துவரை கடன். கல்யாணம் செய்துகொண்டால் நாடாளுமன்றம் கடனுக்கு வழி செய்யும் என்பதற்காக, முன்பின் பார்த்திராத அத்தை மகள் கேரொலைனை மணக்கச் சம்மதித்தார். பெண்ணை முதல்முறை பார்த்ததும் பக்கத்தில் இருந்தவரிடம் எனக்கு உடம்பு சரியில்லை, ஒரு கிளாஸ் பிராந்தி கொடு என்று கேட்டாராம். 1795 ஏப்ரல் 8-இல் கல்யாணம். ஒரு நாள் குறைய ஒன்பது மாதத்தில், 1796 ஜனவரி 7-இல், சார்லட் பிறந்தாள். அதோடு தம்பதி ஆளுக்கொரு வீடு.

அந்த வீட்டில் வளர்ந்த பெண்ணுக்குத் தன் கல்யாணத்திலாவது பிடிவாதம் இருக்காதா? நெதர்லாந்தின் ஆரஞ்சு வம்சத்து இளவரசனுக்கு அப்பா பேசி முடித்த சம்பந்தத்தை 1814-இல் உதறினாள். கையில் காசில்லாத ஜெர்மானிய இளவரசன் லியோபோல்டைத் தானே தேர்ந்தெடுத்து 1816 மே 2-இல் மணந்தாள். சர்ரே மாவட்டத்தில் கிளேர்மான்ட் என்ற வீட்டில் குடித்தனம். இரண்டு முறை கரு கலைந்தது. மூன்றாவது தங்கியது.

மகப்பேறு பார்க்க நியமிக்கப்பட்டவர் சர் ரிச்சர்ட் கிராஃப்ட். மாசமாக இருந்தவளுக்கு அவர் சாப்பாட்டைக் குறைத்தார், அவ்வப்போது ரத்தம் எடுக்கச் சொன்னார். அந்தக் கால வைத்தியம் அது. சிரிக்காதீர்கள். நன்றாகச் சாப்பிட்டால் குழந்தை பெரிசாகிப் பிரசவம் கஷ்டமாகும் என்று கர்ப்பிணியின் சோற்றில் கை வைக்கும் வீடுகளை நம்மூரிலேயே நான் பார்த்திருக்கிறேன். குறைத்துப் போட்டும் சார்லட்டின் குழந்தை ஒன்பது பவுண்டு, அதாவது நாலு கிலோ.

நவம்பர் 3, திங்கள் மாலை பனிக்குடம் உடைந்தது. கருப்பை வாய் முழுசாகத் திறக்க இருபத்தாறு மணி நேரம். முதல் பிரசவத்தில் இதைக்கூட ஒருமாதிரி ஒத்துக்கொள்ளலாம். அதற்கப்புறம் குழந்தை வெளியே வர இன்னும் இருபத்து நாலு மணி நேரம். வாய் திறந்தபின் இரண்டு மூன்று மணி நேரத்துக்கு மேல் போனால் மருத்துவரைக் கூப்பிடு என்று மாணவிகளுக்குச் சொல்லிச் சொல்லி என் தொண்டை வறண்டிருக்கிறது. இருபத்து நாலு!

ஆயுதம் இருந்தது. தலையைப் பிடித்து இழுக்கும் ஃபோர்செப்ஸ் இடுக்கியை அந்த வீட்டுக்குக் கொண்டுவந்தும் இருந்தார்கள். கிராஃப்ட் தொடவில்லை. அவருடைய மாமனார் தாமஸ் டென்மன் அந்தக் காலத்துப் பெரிய மகப்பேறு ஆசான். முடிந்தவரை இயற்கைக்கு விடு, இடுக்கி கடைசிப் புகலிடம் என்பது அவர் பாடம். உடன் இருந்த இன்னொரு மருத்துவர் மேத்யூ பெய்லி, டென்மனின் இன்னொரு மருமகன். இருவரும் மணந்தது இரட்டையர்களான அக்கா தங்கையை. ஆக, மாமனார் இறந்து இரண்டு வருஷம் ஆகியும் அந்த அறையில் நடந்தது அவர் சட்டம். மூன்றாவதாக ஜான் சிம்ஸ் என்பவரை வரவழைத்தார்கள். தாவரவியல் பத்திரிகை ஆசிரியராகப் பேர் வாங்கியவர் அவர். புது முகத்தைப் பார்த்து இளவரசி பயந்துவிடுவாள் என்று பிரசவம் முடியும்வரை அவரை உள்ளேயே விடவில்லை.

பக்கத்து அறையில் இன்னொரு கூட்டம். மந்திரிகள், ஆர்ச்பிஷப். 1688-இல் ராணி மேரிக்கு மகன் பிறந்தபோது, அது வெளியிலிருந்து கடத்தி வந்த குழந்தை என்று வதந்தி கிளம்பியது. கனல் போட்டுப் படுக்கையைச் சூடாக்கும் மூடி போட்ட சட்டிக்குள் வைத்துக் கொண்டுவந்தார்களாம். அதிலிருந்து அரச வீட்டுப் பிரசவத்துக்கு அதிகாரச் சாட்சிகள் வேண்டும் என்பது அழுத்தமான வழக்கமாகிவிட்டது. இருபதாம் நூற்றாண்டுவரை நீடித்தது. பதவியில் இருக்கும் ஆண்கள் கதவுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்க, பிள்ளை பெறுவதை நினைத்துப் பாருங்கள்.

புதன் இரவு ஒன்பது மணிக்குக் குழந்தை பிறந்தது. ஆண். மூச்சு இல்லை. சிம்ஸ் நெடுநேரம் முயன்று பார்த்தார், பயனில்லை. சார்லட் அதைத் தைரியமாகவே ஏற்றுக்கொண்டாள் என்று கூட இருந்தவர்கள் சொல்கிறார்கள். நஞ்சுக்கொடி தானாக வராததால் கையால் எடுத்தார்கள். தாய் நலம் என்று மந்திரிகளுக்குச் சொல்லியாயிற்று, அவர்கள் வண்டி ஏறிவிட்டார்கள். லியோபோல்டும் படுக்கப் போய்விட்டார்.

நள்ளிரவில் அவளுக்குக் குமட்டல், காதில் இரைச்சல். பிராந்தியும் ஒயினும் கொடுத்துக்கொண்டே இருந்தார்கள். லியோபோல்டின் சொந்த மருத்துவர் ஸ்டாக்மர் உள்ளே வந்து கையைப் பிடித்தபோது, என்னை இவர்கள் போதையேற்றிவிட்டார்கள் என்றாளாம். வியாழன் அதிகாலை இரண்டரை மணிக்கு முடிந்துவிட்டது. உள்ளுக்குள்ளே ரத்தப்போக்கு என்பதுதான் பலர் கருத்து. என் கருத்தும் அதுவே.

இங்கிலாந்தில் துணிக்கடைகளில் கறுப்புத் துணி தீர்ந்துபோனது. வின்ட்சரில் அவளைப் புதைத்தபோது குழந்தையின் பெட்டியைக் காலடியில் வைத்தார்கள். கிராஃப்ட்டின் மேல் குறையில்லை என்று அப்பாவே எழுதியும் ஊர் வாய் அடங்கவில்லை. மூன்று மாதம் கழித்து, 1818 பிப்ரவரியில், வேறொரு பெண்ணின் பிரசவமும் இழுத்துக்கொண்டிருந்தபோது, அந்த வீட்டிலேயே அவர் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். அவரைத் திட்ட எனக்கு மனசு வரவில்லை. விதியை மீறி இடுக்கியை எடுத்து அவள் இறந்திருந்தாலும் இதே ஊர்தான் பேசியிருக்கும்.

அதே 1817-இல்தான் லண்டனில் ‘சாவரின்’ என்ற இன்றைய தங்கக் காசு முதலில் வெளியானது. அந்தச் சொல்லுக்கு அரசர் என்று பொருள். நகைக் கடையில் ‘ஒரு சவரன்’ என்கிறோமே, அதுதான் இது. பாட்டிமார் காசுமாலையில் பிற்பாடு கோத்தது விக்டோரியா தலை போட்ட பவுன். சார்லட் பிழைத்திருந்தால் அவள் தலையல்லவா அதில் இருந்திருக்கும்!

விக்டோரியா வந்த வழி இதுதான். வாரிசு இல்லையே என்று கிழவரின் மகன்கள் பதறியடித்துக் கல்யாணத்துக்கு ஓடினார்கள். 27 வருஷம் கூட வாழ்ந்தவளை விட்டுவிட்டு, அந்த மகன்களில் ஒருவரான கென்ட் கோமகன், லியோபோல்டின் விதவை அக்காவை மணந்தார். மனைவி நிறைமாதமாக இருந்தபோது, குழந்தை இங்கிலாந்து மண்ணில்தான் பிறக்க வேண்டும் என்று ஜெர்மனியின் ஆமோர்பாக்கிலிருந்து கோச்சு வண்டியில் கூட்டிவந்தார். கூடவே வந்தவர் சார்லட் ஃபான் ஜீபோல்ட் என்ற பெண். இவர் பேரும் சார்லட்! 1817-இல் கீஸன் பல்கலைக்கழகத்தில் மகப்பேற்றுத் துறையில் டாக்டர் பட்டம் வாங்கியவர். 1819 மே 24-இல் கென்சிங்டன் அரண்மனையில் விக்டோரியாவைக் கையில் ஏந்தினார். உடனே ஊர் திரும்பி, ஆகஸ்ட் 26-இல் ரோசனாவில் இன்னொரு பிரசவம். பிறந்தது ஆல்பர்ட், விக்டோரியாவின் மாமன் மகன். நம் கணக்கில் முறை மாப்பிள்ளை. 1840-இல் கல்யாணமும் ஆயிற்று. செத்துப்போன சார்லட் விக்டோரியாவுக்குப் பெரியப்பா மகள், ஆக அக்கா. தாய்மாமன் லியோபோல்டைக் கட்டியவள் என்பதால் மாமியும் கூட.

லியோபோல்ட் 1831-இல் பெல்ஜியத்தின் முதல் மன்னரானார், மறுமணமும் செய்துகொண்டார். அவருக்குப் பிறந்த மகளுக்குச் சார்லட் என்றே பெயர் வைத்தார்கள். 1853 ஏப்ரல் 7 அன்று விக்டோரியா தன் எட்டாவது பிரசவத்தில் மருத்துவர் ஜான் ஸ்னோவை அழைத்தார். கைக்குட்டையில் குளோரோஃபார்ம் விட்டு 53 நிமிடம் முகரக் கொடுத்தார் ஸ்னோ. மகன் பிறந்தான், தாயும் நலம். பையனுக்கு வைத்த பெயர் லியோபோல்ட்.

வணக்கம்.