ஸ்கைலாப் விழுந்த இரவு: தேவகோட்டை நேயரின் கேள்விக்கு விளக்கம்

தேவகோட்டையிலிருந்து ஒரு நேயர் கேட்டிருக்கிறார்: "1979-ல் ஆகாயத்திலிருந்து ஸ்கைலாப் விழப்போகிறது என்று நம் பக்கத்து ஜனங்கள் நடுங்கிப்போய், இருக்கிற கோழியை எல்லாம் அடித்துச் சாப்பிட்டுவிட்டுக் காத்திருந்தார்கள் என்று எங்கள் அப்பத்தா சொல்கிறார்கள். இது உண்மையா? எங்கள் வீட்டு இரண்டாங்கட்டில் கிடக்கும் வளைந்த இரும்பு ஒன்றை ஸ்கைலாபின் துண்டு என்று சொல்லி யாரையும் தொடவிடுவதில்லை. அது அதுவாக இருக்க முடியுமா?"

அப்பத்தா சொல்வதில் ஆண்டும் சரி, பயமும் சரி. கோழி விஷயத்தில்தான் எனக்குச் சந்தேகம் உண்டு. நம் பக்கத்தில் கோழி அடிப்பதற்கு உலகம் அழியவேண்டிய அவசியம் என்றைக்கும் இருந்ததில்லை.

முதலில் அந்தப் பொருள் எது என்று சொல்லிவிடுகிறேன். 1973 மே மாதம் 14-ஆம் தேதி அமெரிக்கா விண்ணில் ஏவிய, ஏறத்தாழ 77 டன் எடையுள்ள விண்வெளி நிலையம் அது. மும்மூன்று பேராக மூன்று குழுவினர் அதில் போய்த் தங்கினார்கள். 1974 பிப்ரவரியில் கடைசிக் குழுவும் இறங்கி வந்த பிறகு அங்கே ஆள் இல்லை. பெரிய வீட்டைப் பூட்டிப் போட்டுவிட்டு வெளியூரில் இருப்பதும், முன்னோருக்குப் படைக்கும் படைப்புக்கு வரும்போது ஓடு மாற்றிக்கொள்ளலாம் என்று தள்ளிப் போடுவதும் நமக்குத் தெரியாததல்ல. அமெரிக்கர்களும் அப்படித்தான், விண்வெளி ஓடம் தயாரானதும் போய் ஸ்கைலாபை மேலே தள்ளிவிட்டு வரலாம் என்று இருந்தார்கள். ஆனால் ஓடம் முதன்முதலாகப் பறந்ததே 1981 ஏப்ரலில்தான். அதற்குள் சூரியனின் சீற்றம் எதிர்பார்த்ததைவிட அதிகமாகி, வளிமண்டலத்தின் மேலடுக்கு சூடேறி விரிந்து, ஸ்கைலாபின் ஓட்டத்துக்கு இழுவையைக் கூட்டிவிட்டது. வேகம் குறைந்த பொருள் கீழே வந்துதானே ஆகவேண்டும்?

வரப்போகிறது என்று சொன்ன விஞ்ஞானிகளால், எங்கே வரும் என்று மட்டும் சொல்ல முடியவில்லை. நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 50 பாகை முதல் தெற்கே 50 பாகை வரை எங்கு வேண்டுமானாலும் விழலாம் என்றார்கள். காரைக்குடி அதற்குள் இருக்கிறது. சொல்லப்போனால் உலகத்தில் பெரும்பாலானோர் அதற்குள்தான் இருக்கிறார்கள். இதற்கு மேல் ஆறுதலாக ஒரு கணக்கும் சொன்னார்கள்: சிதறும் துண்டுகளில் ஏதாவது ஒன்று யாராவது ஒருவர் மேல் படுவதற்கு 152-ல் 1 பங்கு வாய்ப்பு உண்டாம். பயத்தைப் போக்கச் சொன்ன இந்தக் கணக்கைப் போலப் பயத்தை வளர்த்தது வேறொன்றும் இல்லை என்பது என் அபிப்பிராயம். வட்டிக் கணக்கை மனத்திலேயே போட்டுப் பைசா சுத்தமாகச் சொல்லும் பெரியவர்கள் நிறைந்த ஊரில், "152 பேருக்கு ஒருவர்" என்று காதில் விழுந்தால் என்ன ஆகும்? நம் தெருவுக்கு இத்தனை பேர், அடுத்த தெருவுக்கு இத்தனை பேர் என்று விரல்விட்டு எண்ணத்தானே தோன்றும். உண்மையில் அந்தக் கணக்கு உலகத்தில் அன்றிருந்த 400 கோடிக்கும் மேற்பட்ட மக்கள் அனைவரையும் சேர்த்துப் போட்டது. தனி ஒருவருக்கென்று பார்த்தால் சுமார் 60,000 கோடியில் 1 பங்குதான் வரும். அப்படிச் சொல்லியிருந்தால் ஆச்சிமார்கள் வற்றலைக் காயப்போட நிம்மதியாக மாடிக்குப் போயிருப்பார்கள்.

பயந்தவர்களைக் கேலி செய்வது எளிது. ஆனால் செட்டிநாட்டு வீட்டில் ஒளிந்துகொள்ள இடம் தேடிப் பாருங்கள். முகப்பில் தேக்குத் தூண், பட்டாலையில் பர்மாத் தேக்கு உத்தரம், எல்லாம் இரும்புக்கு ஈடு கொடுக்கும். நடுமுற்றமான வளவுக்குள் நுழைந்தாலோ தலைக்கு மேல் ஆகாயம் அப்படியே திறந்து கிடக்கிறது. மழையை வாங்குவதற்கென்று கட்டிய வீட்டில் ஸ்கைலாபுக்கு மட்டும் எப்படிக் கதவடைப்பது?

இனி அந்த நாளுக்கு வருகிறேன். அது 1979 ஜூலை 11, புதன்கிழமை. இந்திய நேரப்படி இரவு பத்து மணியைச் சற்றே தாண்டியபோது ஸ்கைலாப் வளிமண்டலத்துக்குள் நுழைந்து, இந்தியப் பெருங்கடலிலும் மேற்கு ஆஸ்திரேலியாவின் எஸ்பெரன்ஸ் நகரைச் சுற்றிலும் சிதறியது. யாருக்கும் காயம் இல்லை. அதே ஜூலை 11-ல்தான் தில்லி நாடாளுமன்றத்தில் மொரார்ஜி தேசாய் அரசின் மேல் எதிர்க்கட்சித் தலைவர் ஒய்.பி. சவான் நம்பிக்கையில்லாத் தீர்மானம் கொண்டுவந்தார். ஊர் முழுக்க மேலே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்த நாளில் தில்லியில் ஒரு விழுதல் தொடங்கியிருந்தது. நான்காம் நாள், ஜூலை 15-ல், பிரதமர் பதவி விலகினார். ஸ்கைலாப் விழும் என்று பல மாதங்களுக்கு முன்பே எச்சரிக்கை வந்தது. மத்திய அரசு விழுவதற்கு 152-ல் எத்தனை பங்கு வாய்ப்பு என்று சொல்லத்தான் விஞ்ஞானி யாரும் இல்லை.

ஆஸ்திரேலியாவில் நடந்தது இதைவிட வேடிக்கை. பொது இடத்தில் குப்பை போட்டதாகச் சொல்லி, எஸ்பெரன்ஸ் நகராட்சியார் அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசாவுக்கு 400 டாலர் அபராதம் விதித்தார்கள். நாசா கட்டவில்லை, கலிபோர்னியாவைச் சேர்ந்த ஒரு வானொலி அறிவிப்பாளர் தம் நேயர்களிடம் வசூல் செய்து 2009-ல் கட்டினார். முப்பது ஆண்டு நிலுவையில் நின்ற அந்தத் தொகைக்கு வட்டி கேட்கவில்லை என்பதிலிருந்தே எஸ்பெரன்ஸில் நம்மவர் யாரும் கணக்குப்பிள்ளையாக இல்லை என்பது தெரிகிறது. ஸ்கைலாபின் துண்டை 72 மணி நேரத்துக்குள் முதலில் கொண்டுவந்து தருபவருக்கு 10,000 டாலர் தருவதாக ஒரு சான் பிரான்சிஸ்கோ நாளிதழ் அறிவித்திருந்தது. தம் வீட்டில் விழுந்த கருகிய துண்டுகளை எடுத்துக்கொண்டு விமானம் ஏறிய எஸ்பெரன்ஸின் 17 வயது இளைஞர் அதைப் பெற்றார்.

ஆகவே, தேவகோட்டை நேயருக்கு என் பதில்: உங்கள் வீட்டு இரும்பு ஸ்கைலாபினுடையதாக இருக்க வழியில்லை, ஏனென்றால் துண்டுகள் விழுந்த பாதை நம் நாட்டைத் தொடவே இல்லை. நீங்கள் அனுப்பிய படத்தில் வளைவு ஒரே சீராகவும், ஓரத்தில் ஆணி அடித்த துளைகளோடும் இருப்பதைப் பார்த்தால், மாட்டு வண்டிச் சக்கரத்தைச் சுற்றிப் போடும் இரும்புப் பட்டா என்றே எனக்குத் தோன்றுகிறது. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் விற்பவர்களிடம் காட்டினால் ஒரே பார்வையில் சொல்லிவிடுவார்கள். அப்பத்தாவை மட்டும் உடன் அழைத்துப் போகாதீர்கள். அவர்கள் அங்கே விலை சொல்ல ஆரம்பித்தால், 10,000 டாலரிலிருந்துதான் ஆரம்பிப்பார்கள்.