உடுக்கை சத்தத்துக்கு ஆடினா தப்பா டீச்சர்?

வணக்கம். நான் அயனாவரத்துல மொட்டை மாடியில ஒரு ஷெட் போட்டு பரதநாட்டிய கிளாஸ் நடத்துறேன், இருபத்திரண்டு வருஷமா. பேச வாங்கன்னு கூப்பிட்டவங்க “இந்திய நடனங்களின் ஆன்மிக வேர்கள்”னு தலைப்பு கொடுத்தாங்க, அதைக் கேட்டதுமே எனக்குக் கூச்சமாயிடுச்சு, அவ்ளோ பெரிய தலைப்புக்கு நான் எங்க போவேன். அதனால என் கிளாஸ்ல நடந்த ஒண்ணுலேர்ந்து ஆரம்பிக்கிறேன்.

ஆடி மாசம், ஞாயித்துக்கிழமை. பக்கத்துத் தெரு அம்மன் கோயில்ல கூழ் ஊத்துறாங்க. இங்க நான் தட்டுக்கழியை எடுத்து தட்டுமனைங்கற மரக்கட்டைல தை யா தைன்னு தட்டிட்டு இருக்கேன், அங்க பம்பையும் உடுக்கையும் ஆரம்பிச்சாச்சு. எட்டு பொண்ணுங்க முட்டியை மடக்கி அரைமண்டில நிக்கறாங்க. அதுல ஒருத்தி, எட்டாவது படிக்கிறவ, அவ கால் மட்டும் மெல்ல என் தட்டை விட்டுட்டு பம்பை பக்கம் போயிடுச்சு. அடவு போச்சு, அரைமண்டி போச்சு, தோள் குலுங்குது, கண்ணு எங்கயோ இருக்கு. நான் தட்டறதை நிறுத்திட்டேன். உண்மையைச் சொல்றேன், ஒரு நிமிஷம் பாத்துட்டே இருந்தேன், அவ்ளோ நல்லா இருந்துச்சு.

கூட்டிட்டுப் போக வந்த அவங்க அம்மாதான் பதறிட்டாங்க. “இவ ஆயாவுக்கு சாமி வரும் டீச்சர். இவளுக்கும் வந்துடுமோன்னு பயமா இருக்கு. உடுக்கை சத்தத்துக்கு இப்படி ஆடினா பரதம் கெட்டுடுமா? தப்பா டீச்சர்?”

தப்பில்லம்மான்னு சொல்லி அனுப்பிட்டேன். ஏன் தப்பில்லன்னு அன்னிக்கு சொல்லத் தெரியல. இப்ப சொல்லிப் பாக்கறேன்.

மார்கழி சீசன்ல சபாவுக்குப் போனீங்கன்னா மைக்கைப் பிடிக்கிறவங்க பாதிப்பேர் ஒரே வரியைத்தான் சொல்வாங்க, “ரெண்டாயிரம் வருஷமா அறுபடாம வர்ற தெய்வீகக் கலை”ன்னு. அதுக்கு ஆதாரமா நாட்டிய சாஸ்திரத்துக் கதை வரும். பிரம்மா ரிக் வேதத்துலேர்ந்து சொல்லையும் சாமத்துலேர்ந்து பாட்டையும் யஜுர்லேர்ந்து அபிநயத்தையும் அதர்வணத்துலேர்ந்து ரசத்தையும் எடுத்து அஞ்சாவது வேதமா பரத முனிவர்கிட்ட கொடுத்தாராம். அழகான கதை, நானும் பிள்ளைங்களுக்குச் சொல்லித்தான் தர்றேன். ஆனா வேர் அந்த ஒரு இடத்துல மட்டும்தான்னு சொன்னா எனக்கு ஒத்துக்க முடியல.

நம்ம பழைய பாட்டையே எடுத்துக்கோங்க. சங்கப் பாட்டுல வெறியாட்டுன்னு ஒண்ணு வரும். பொண்ணு காதல்ல இளைச்சுப் போயிருப்பா, அம்மாவுக்கு விஷயம் தெரியாது, முருகன் பிடிச்சிருக்கான் போலன்னு அவனோட பூசாரி வேலனைக் கூப்பிடுவாங்க, அவன் வந்து களம் போட்டு ஆடுவான், ஆட்டுக்குட்டிக்கு வேற ஆபத்து. தோழி மட்டும் பக்கத்துல நின்னு உள்ளுக்குள்ள சிரிப்பா, அவளுக்குத்தான தெரியும் இது எந்த மலைநாட்டு ஆளால வந்த நோய்னு. புலவர்கள் கிண்டல் பண்ணி இருக்காங்க, ஆனா அந்த ஆட்டத்தைக் கேவலமா பேசல.

சிலப்பதிகாரத்துல இன்னும் தெளிவா இருக்கு. அரங்கேற்று காதையில மாதவி அஞ்சு வயசுல ஆரம்பிச்சு ஏழு வருஷம் கத்துக்கிட்டு பன்னெண்டு வயசுல மேடை ஏறுறா. மேடைக்குக் கூட கணக்கு இருக்கு, கோல்ங்கற அளவுல ஏழு கோல் அகலம், எட்டு கோல் நீளம், ஒரு கோல் உயரம். எல்லாம் அளந்து வச்ச ஆட்டம். அதே புத்தகத்துல கொஞ்சம் தள்ளிப் போனா வேட்டுவ வரி, அங்க சாலினின்னு ஒரு மறக்குலத்துப் பொண்ணு, அவமேல கொற்றவை வந்து இறங்குறா. மேடையும் கிடையாது கோலும் கிடையாது, ஊர் நடுவுல நின்னு ஆடிக்கிட்டே குறி சொல்றா. இளங்கோ ரெண்டையும் ஒரே அக்கறையோட எழுதி இருக்கார். இது கிளாசிக்கல், அது ஃபோக்னு பிரிச்சு வைக்கிற வேலை எல்லாம் நாம பின்னாடி பண்ணது.

அளந்து ஆடுறதுன்னா தஞ்சாவூர் பெரிய கோயிலை விட முடியாது. 1010-ல முடிஞ்ச கோயில். மேல்தளத்துல, கருவறையைச் சுத்தி, நம்மள எல்லாம் சாதாரணமா விடாத இடத்துல, கரணச் சிற்பம் இருக்கு, கரணம்னா நாட்டிய சாஸ்திரம் சொல்ற ஆட்ட அசைவு, அதை சிவனே ஆடிக் காட்டுற மாதிரி. 108 கரணத்துல 81 செதுக்கி இருக்காங்க, மீதி 27 கல்லு சும்மா நிக்குது. கீழ கல்வெட்டுல ராஜராஜன் பல ஊர் கோயில்கள்லேர்ந்து கூட்டிட்டு வந்த 400 தளிச்சேரிப் பெண்டுகள், அதாவது கோயில்ல ஆடுற பொண்ணுங்க, பேரு இருக்கு, ஒவ்வொருத்தர் பேருக்கும் முன்னாடி நக்கன்னு போட்டு, எந்தக் கோயில்லேர்ந்து வந்தா, எந்தத் தெரு, எந்தச் சிறகு, எத்தனாவது வீடு, எல்லாம். ஆளுக்கு வருஷத்துக்கு நூறு கலம் நெல்லு. நம்ம ரேஷன் கார்டுல கூட இவ்ளோ தெளிவா அட்ரஸ் இருக்காது. இவங்களுக்கு ஆட்டம்ங்கறது வேலை, சாமிக்கு விளக்கு ஏத்துற மாதிரி, பூ கட்டுற மாதிரி.

அப்போ ஒண்ணு சாமிக்காக ஆடுறது, இன்னொண்ணு சாமியாவே ஆடுறது. நாட்டுல எங்க போனாலும் இந்த ரெண்டும் இருக்கு, கலவை அளவுதான் ஊருக்கு ஊரு மாறுது.

வடக்கு கேரளாவுல, கண்ணூர் காசர்கோடு பக்கம், தெய்யம்னு சாமியாவே வேஷம் கட்டி ஆடுற ஆட்டம் பாத்திருக்கீங்களா? ஆடுறவரை மணிக்கணக்கா படுக்க வச்சு முகத்துல வரைவாங்க. கடைசியா தலையில முடிங்கற கிரீடம் வச்சதும் கையில ஒரு சின்னக் கண்ணாடியைக் கொடுப்பாங்க. அவர் அதுல தன்னைப் பாக்கணும். பாத்த நிமிஷத்துலேர்ந்து அவர் அவர் இல்ல, தெய்வம். வண்ணான், மலையன், வேலன்னு ஒரு காலத்துல ஒதுக்கி வச்சிருந்த சாதிக்காரங்கதான் ஆடுறாங்க, நேத்து வரைக்கும் கிட்ட சேக்காத ஆளு இன்னிக்கு அவர் முன்னாடி கை கூப்பி நிப்பாரு. நானும் மேக்கப் போட்டுட்டு கண்ணாடி பாக்கறவதான். நெத்திச்சுட்டி நேரா இருக்கான்னு பாப்பேன், அவ்ளோதான்.

மணிப்பூர்ல இன்னும் சுவாரசியம். வெளியில எல்லாருக்கும் தெரிஞ்சது ராஸ லீலை, 1779-ல பாக்யசந்திர மகாராஜா தொடங்கி வச்சது. விறைப்பா நிக்கிற வட்டப் பாவாடை, முகத்து மேல மெல்லிசா ஒரு முக்காடு, கோபிகளுக்கு கால்ல சலங்கை கிடையாது, பாதம் பூமியை நோகடிக்கக் கூடாதுங்கற மாதிரி வைப்பாங்க. எங்க பரதத்துக்கு நேர் எதிர், நாங்க தரையை உடைக்கிற மாதிரி தட்டுவோம். ஆனா வைஷ்ணவம் வர்றதுக்கு முன்னாடியே அங்க லாய் ஹராவோபான்னு தெய்வங்களுக்கான திருவிழா இருக்கு. மைபின்னு சொல்ற பெண் பூசாரிங்க தண்ணியிலேர்ந்து தெய்வத்தைக் கூப்பிட்டுக் கொண்டு வந்து ஆடுவாங்க, உடம்பு எப்படி உருவாச்சு, வீடு எப்படிக் கட்டுறது, பஞ்சு எப்படி விதைச்சு நெய்யறது, அவ்ளோத்தையும் ஆட்டத்துலயே காட்டிடுவாங்க. அந்த அசைவுதான் பின்னாடி ராஸத்துக்குள்ள போச்சு. அயனாவரத்து ஆயாவும் மைபியும் ஒருத்தரை ஒருத்தர் பாத்தா பாஷை தெரியாட்டியும் புரிஞ்சுக்குவாங்கன்னு எனக்குத் தோணும்.

மத்ததை எல்லாம் வேகமா சொல்லிடறேன். பூரி ஜெகந்நாதர் கோயில்ல மஹாரிங்க, சாமி தூங்கப் போற நேரத்துல கீத கோவிந்தம் பாடினவங்க. அவங்களோட ஆட்டமும், பொண்ணு வேஷம் போட்ட கோட்டிபுவா பசங்களோட ஆட்டமும் சேந்துதான் இன்னிக்கு ஒடிசி, கேளுசரண் மஹாபாத்ராவே சின்ன வயசுல கோட்டிபுவாதான். அசாம்ல சங்கரதேவர் வழி மடங்கள்ல ஆண் துறவிங்க ஆடினது சத்ரியா, அதுக்கு கிளாசிக்கல்னு சங்கீத நாடக அகாடமி அங்கீகாரம் 2000-லதான் வந்துச்சு. 1999 வரைக்கும் அது என்னவா இருந்துச்சுன்னு யாரும் கேக்காதீங்க. கதக், கதை சொல்றவங்ககிட்டேர்ந்து அரண்மனைக்குப் போனது, லக்னோவுல வாஜித் அலி ஷா ராதை கிருஷ்ணன் கதையை அரண்மனையிலயே ஆட வச்சவர், சாமி அந்தப் பக்கம் போய்ட்டு அரண்மனை வாசலோட திரும்பிடல.

இப்ப நம்ம மெட்ராஸ். இதைச் சொல்லும்போது எனக்குத் தொண்டை கொஞ்சம் அடைக்கும். கோயில்ல பொண்ணுங்களை சாமிக்குன்னு பொட்டுக் கட்டி விடுற வழக்கத்தை எதிர்த்து முத்துலட்சுமி ரெட்டி போராடினாங்க, 1947-ல சட்டமும் வந்துச்சு. அவங்க கண்ணால பாத்த கொடுமை அப்படி, அந்தச் சட்டம் வேண்டியதுதான். ஆனா அந்தப் போராட்டம் நடந்த வருஷங்கள்லதான், கிருஷ்ணய்யர் சதிருக்காக, அதாவது அந்தப் பொண்ணுங்க ஆடின ஆட்டத்துக்காக, வாதாடினார், மியூசிக் அகாடமி மேடையில ஏறுச்சு, பரதநாட்டியம்ங்கற பேரு நிலைச்சுது, 1936-ல ருக்மிணி தேவி கலாக்ஷேத்ரா ஆரம்பிச்சாங்க. ஆட்டம் மேடைக்கு வந்துச்சு, ஆடினவங்கள்ல நிறைய பேரு வரல. மயிலாப்பூர் கௌரி அம்மாள், கபாலீஸ்வரர் கோயில்ல ஆடினவங்க, பாலசரஸ்வதிக்கும் அபிநயம் சொல்லிக் கொடுத்தாங்க, ருக்மிணி தேவிக்கும் சொல்லிக் கொடுத்தாங்க. அந்தக் கோயில் தெருவுல நடக்கிறவங்கள்ல எத்தனை பேருக்கு இந்தப் பேரு தெரியும்? அறுபடாமன்னு மைக்ல சொல்றப்போ எனக்கு அதான் கடுப்பு.

பாலம்மா, அதான் பாலசரஸ்வதி, 1975-ல தமிழ் இசைச் சங்கத்துல பேசினப்போ மார்க்கத்தையே, அதாவது கச்சேரியில ஒண்ணுக்குப் பின்னாடி ஒண்ணா ஆடுற வரிசையையே, கோயிலாச் சொன்னாங்க. அலாரிப்பு கோபுரம், ஜதிஸ்வரம் அர்த்தமண்டபம், சப்தம் பெரிய மண்டபம், வர்ணம் சாமி இருக்கிற இடம், கடைசியில தில்லானா கற்பூர ஆரத்தி, சத்தமும் பரபரப்புமா. கோயில்லேர்ந்து வெளிய வந்த ஆட்டம் கோயிலைத் தூக்கிட்டே வந்துடுச்சுன்னு நான் அதைப் புரிஞ்சுக்கறேன்.

போன மாசம் கிளாஸ் பிள்ளைங்களை திருவாலங்காடு கூட்டிட்டுப் போனேன். அரக்கோணம் லோக்கல்லதான். சிவன் ஆடினதாச் சொல்ற அஞ்சு சபையில ரத்தின சபை அது. காளியும் சிவனும் போட்டி போட்டு ஆடின இடம், சிவன் காதுலேர்ந்து விழுந்த குழையைக் காலாலயே எடுத்து மாட்டி, காலை உச்சிக்குத் தூக்கினாராம், காளி வெக்கப்பட்டுத் தோத்துட்டாளாம். காரைக்கால் அம்மையார் அந்தக் காட்டுல பேய்ங்க ஆடுறதை, சுடுகாட்டு நெருப்பை, கூச்சமே இல்லாம பாடினவங்க, பேய் உருவம் வேணும்னு கேட்டு வாங்கினவங்க. நான் இதை எல்லாம் சொல்லி முடிச்சதும் அந்த எட்டாவது பொண்ணு கேட்டா, “காளிக்கு காலைத் தூக்கத் தெரியாதா டீச்சர், இல்ல தூக்க விடலையா?”

என்கிட்ட பதில் இல்ல. அவ பாவாடையை ஒதுக்கிச் சொருகிட்டு பிராகாரத்துலயே வலது காலைத் தூக்கினா. நாலு எண்ணிக்கை நின்னுச்சு, அஞ்சாவதுல ஆட்டம் கண்டு தூணைப் பிடிச்சுக்கிட்டா. பூ விக்கிற அம்மா வாயைப் பொத்திச் சிரிச்சாங்க, ஆனா இன்னொரு தடவை தூக்கு பாப்பான்னாங்க.

ஸ்டுடியோ கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கையைக் காட்டுறாங்க, நேரம் ஆச்சாம். வணக்கம்.