வர்க்கியும் வெள்ளைக் கோடும்

(கால்பந்துப் போட்டியின் பரிசளிப்பு விழாவில் பேசியது. கைதட்டலை மட்டும் எழுத்தில் கொண்டுவர முடியவில்லை.)

விழாத் தலைவர் அவர்களே, கோப்பையை வழங்க வந்திருக்கும் நகர்மன்றத் தலைவர் அவர்களே, துணைத் தலைவர் அவர்களே, இரண்டு அணிக்கு ஜெர்சி எடுத்துக் கொடுத்த டீ பேக்டரி முதலாளி அவர்களே, வார்டு உறுப்பினர்களே, மைக் செட்டுக்கு வாடகை வேண்டாம் என்ற தம்பியே, குன்னூர், கோத்தகிரி, கூடலூரிலிருந்து வந்திருக்கும் ஆட்டக்காரர்களே, வணக்கம். யாரையாவது விட்டிருந்தால் மன்னியுங்கள். போன வருடம் விட்டுப்போன ஒரு பெரியவர் இன்னும் என்னோடு பேசுவதில்லை.

கோட்டுக்கு வெளியே நிற்கும் கோச்சைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். மூன்று விஷயம் சொல்வேன். கோபம் ஒன்று, கட்டுப்பாடு ஒன்று, மூன்றாவது நம் நாட்டின் பெரிய கோச் சையத் அப்துல் ரஹீம்.

ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு. இதை எனக்குச் சொல்லிக் கொடுத்தவர் எங்கள் மாஸ்டர். அவரே பெரிய ஆத்திரக்காரர், அது வேறு விஷயம். தேயிலைத் தோட்டத்தில் வேலை, சாயங்காலம் எங்களுக்குப் பயிற்சி. குரங்குக் குல்லா, முழங்கையில் கிழிந்த ஸ்வெட்டர், பாக்கெட்டில் பொட்டலமாக வர்க்கி பிஸ்கட். கோபம் தலைக்கேறினால் ஒரு வர்க்கியை எடுத்து முழுசாக வாயில் போட்டுக்கொள்வார். ஊட்டி வர்க்கி தின்றவர்களுக்குத் தெரியும், அதை வாயில் வைத்துக்கொண்டு யாரையும் திட்ட முடியாது. இடைவேளையில் நாங்கள் ஸ்கோரைப் பார்ப்பதில்லை. அவர் ஸ்வெட்டரில் எவ்வளவு தூள் உதிர்ந்திருக்கிறது என்றுதான் பார்ப்போம்.

ஒரு செமி பைனல். நாலு மணிக்கு மிஸ்ட் இறங்கியது. நம் ஊர் மிஸ்ட், சொல்ல வேண்டுமா? எதிர் கோல் போஸ்ட் காணாமல் போனது, அப்புறம் பந்து, அப்புறம் ரெபரி. விசில் மட்டும் கேட்கிறது. அன்றைக்குப் பார்த்து மாஸ்டரின் பொட்டலம் காலி. அடக்க வழியில்லாமல் கத்த ஆரம்பித்தார். பக்கத்தில் நிழலாகத் தெரிந்த ஒரு பையனைப் பார்த்து, "டேய், ஏன்டா அங்கேயே நிக்கிறே? மேலே ஏறு! இன்னும் ஏறு!" அவனும் பயந்துபோய் ஏறினான். இடம் காலியானது. அந்த வழியாக எங்கள் பையன் புகுந்து கோல் அடித்துவிட்டான். மாஸ்டர் குல்லாவைத் தூக்கி எறிந்து குதித்தார். பிறகுதான் தெரிந்தது, பத்து நிமிடமாக அவர் விரட்டிக்கொண்டிருந்தது எதிரணியின் தடுப்பாட்டக்காரனை! அவர்கள் கோச் சண்டைக்கு வந்தார். மாஸ்டர் அசரவில்லை: "நான் சொன்னதைக் கேட்டான், நல்ல பையன்." குல்லா தேயிலைக்குள் விழுந்து, ஒரு மணி நேரம் தேடி எடுத்தபோது உள்ளே இரண்டு அட்டைப்பூச்சி.

மான்செஸ்டர் யுனைடெட் கோச்சாக இருந்த அலெக்ஸ் பெர்குசன் சூயிங்கம் மென்றதை உலகமே பார்த்தது. எங்கள் மாஸ்டர் வர்க்கி மென்றதை நாங்கள் பதினைந்து பேர் பார்த்தோம். வேலை ஒன்றுதான்.

இப்போது 2019 முதல் கோச்சுக்கே மஞ்சள் அட்டை, சிவப்பு அட்டை காட்டலாம். பெஞ்சிலிருந்து யார் தகாத வார்த்தை சொன்னது என்று தெரியாவிட்டால், அங்கிருக்கும் மூத்த கோச்தான் அட்டையை வாங்கிக்கொள்ள வேண்டும். எனக்குப் பிடித்த விதி இது. 2009இல் ஆர்சனல் கோச் வெங்கர், கடைசி நேர கோல் ஆப்சைடு என்று செல்லாமல் போன கோபத்தில் ஒரு தண்ணீர் பாட்டிலை உதைத்தார். வெளியே போ என்றார்கள். பாவம், எங்கே போவது என்று தெரியாமல் எதிரணி ரசிகர்கள் நடுவில் ஏறி நின்று கையை விரித்தார். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு.

ஆனால் கத்துவதெல்லாம் தப்பில்லை. அதே 2019, ஏப்ரல் மாதம், இங்கிலாந்தில். ஆஸ்டன் வில்லா வீரர் ஒருவர் அடிபட்டுக் கிடக்கும்போது லீட்ஸ் அணி கோல் போட்டுவிட்டது. லீட்ஸ் கோச் பியல்சா ஓரத்திலிருந்து கத்தினார், அவர்களை ஒரு கோல் அடிக்க விடுங்கள் என்று. அவருடைய ஆள் ஒருவரே மனம் ஒப்பாமல் குறுக்கே போய்ப் பார்த்தார். பலிக்கவில்லை, ஆட்டம் 1-1. அந்தக் கத்தலை நான் கட்டுப்பாடு என்றே சொல்வேன்.

சரி, கட்டுப்பாட்டுக்கு வருகிறேன். கோச் நிற்பதற்கென்று 'டெக்னிக்கல் ஏரியா' உண்டு. உட்காரும் இடத்துக்கு இருபுறமும் 1 மீட்டர். முன்னால் வந்தால் ஆடுகளக் கோட்டுக்கு 1 மீட்டர் முன்பே நின்றுவிட வேண்டும். கோச் கோட்டைத் தாண்டக் கூடாது, ஒப்புக்கொள்கிறேன். நகர்மன்றத் தலைவர் அவர்களே, முதலில் கோடு எங்கே இருக்கிறது? மே மாத சீசனில் இந்த மைதானம் கார் பார்க்கிங். வேன் நின்ற தடம் சேறாகி, சேறு காய்ந்து, இன்றும் கோல் ஏரியாவில் கைநீளப் பள்ளம் இருக்கிறது. காலையில் சுண்ணாம்புப் பொடியால் நானேதான் கோடு போட்டேன். பள்ளத்தில் இறங்கி ஏறிப் பாம்பு மாதிரி போகிறது. போன ஜூனில் அந்தப் பள்ளத்தில் என் அணிப் பையன் கணுக்கால் பிசகி, மூன்று வாரம் கட்டோடு பள்ளிக்கூடம் போனான். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு வர்க்கி போதவில்லை.

சுற்றுலா வேண்டாம் என்று சொல்லவில்லை. என் தம்பியே டாக்ஸிதான் ஓட்டுகிறான். வண்டிகளுக்கு வேறு இடம் பாருங்கள், இந்த ஒரு மைதானத்தை விட்டுவிடுங்கள்.

ரஹீம் சாஹிபைப் பற்றிச் சொல்ல நிறைய இருக்கிறது. 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டுத் தங்கம், தென் கொரியாவை 2-1 என்று வென்ற இறுதி ஆட்டம், எல்லாம். செயலாளர் கடிகாரத்தைக் காட்டுகிறார். பெர்குசனும் இப்படித்தான் காட்டுவார்.

மைதானத்தில் வண்டி நிறுத்த வேண்டாம் என்று கேட்கும் மனு டீ பந்தலுக்குப் பக்கத்து மேசையில் இருக்கிறது. பெயர், வார்டு எண், கையெழுத்து. பேனா ஒன்றுதான் இருக்கிறது, எழுதிவிட்டு அங்கேயே வையுங்கள்.