எட்டு அசையில் ஒரு விளைச்சல்

நேயர்களுக்கு வணக்கம். மெக்சிகோவின் கதைப்பாடலுக்குக் 'கொர்ரிதோ' என்று பெயர். போதைப்பொருள் கொர்ரிதோ என்றால் துப்பாக்கியும் கடத்தல் தலைவனும்தான் பலருக்கு நினைவுக்கு வரும். இன்று நான் பேசப்போவது மலைச்சரிவில் கசகசாச் செடி வைக்கும் குடியானவனைப் பற்றிய பாட்டை. குருமாவுக்கு நாம் அரைக்கிறோமே, அதே கசகசாதான். நமக்கு வேண்டியது விதை. அவன் விற்பது காயைக் கீறினால் வடியும் பால்; அது உறைந்த பசைதான் அபின்.

பாட்டின் கட்டுமானத்தைக் கேளுங்கள், அதில்தான் எனக்குப் பித்து. வரிக்கு எட்டு அசை. நம் நேர், நிரை கணக்கு இல்லை. ஓர் உயிரொலிக்கு ஓர் அசை. விரல்விட்டு எண்ணுங்கள்: ஆ-ஞோ-தெ-மில்-நோ-வே-சியென்-தோஸ். 'ஆயிரத்துத் தொள்ளாயிரமாம் ஆண்டு' என்று தொடங்கும் பழைய எடுப்பு இது. எட்டு வந்ததா? வரியின் கடைசி அசையில் அழுத்தம் விழுந்தால் ஏழு இருந்தாலே எட்டாகக் கணக்கு, குரல் அங்கே நீண்டுவிடும். நாலு வரி ஒரு கண்ணி. இரண்டாம் வரியும் நான்காம் வரியும் இயையும். மெட்டு முதலிலிருந்து கடைசிவரை ஒன்றே. அதனால்தான் எழுத்தறியாதவரும் ஒரே முறை கேட்டுப் பிடித்துக்கொள்வார். 1910 புரட்சியில் செய்தித்தாள் போகாத ஊருக்கு இந்த எட்டு அசைதான் செய்தி கொண்டுபோனது. கடைசியில் விடைபெறும் கண்ணி: புவே-லா புவே-லா பா-லோ-மீ-தா. 'பற, பற, சின்னப் புறாவே'. அதுவும் எட்டு!

சினலோவா, துராங்கோ, சிவாவா மூன்று மாநிலங்களும் கூடும் மலைக்கு வருவோம். அங்கே ஏன் கசகசா? மூட்டை மக்காச்சோளத்தை இறக்கக் கழுதை வேண்டும், பாதை வேண்டும், கூலி வேண்டும். சந்தையில் விற்றால் அந்தக் கூலிக்கே சரியாகிவிடும். கசகசாப் பசை தோள்பையில் அடங்கும், கெட்டும் போகாது. ஆனால் மாலையில் காயைக் கீறிவிட்டு வந்தபின் இரவில் மழை பெய்தால் பால் கரைந்து ஓடிவிடும். விடியலில் சுரண்ட ஒன்றுமிருக்காது. மழை தப்பினால் ராணுவம். பாட்டில் சிப்பாய்க்குக் 'குவாச்சோ', ஹெலிகாப்டருக்குப் 'போலூதோ' என்று மலைப்பேச்சுப் பெயர்கள் வரும். 1977இல் 'காண்டோர் நடவடிக்கை' என்று வானிலிருந்து களைக்கொல்லி தெளித்தார்கள். மருந்துக்குக் கசகசா எது, சோளம் எது என்று தெரியுமா? காற்று போன பக்கமெல்லாம் கருகும். மலையூர்கள் காலியாகிக் குலியக்கான் நகர ஓரத்தில் குடியேறின.

இவ்வளவையும் நல்ல கொர்ரிதோ அழுது சொல்லாது. ஊர் பெயர், ஆண்டு, போன விளைச்சல், அவ்வளவுதான். அடுத்த கண்ணியில் மறுபடி விதைப்பு. துக்கத்துக்கென்று மெட்டு மாறாது, அக்கார்டியனும் பன்னிரண்டு தந்தி பாகோ செக்ஸ்தோவும் அதே துள்ளலில் போகும். அவர்களுடைய உறுதி அந்த மாறாத மெட்டில் இருக்கிறது என்பேன்.

நேரம் நெருங்கிவிட்டது, மற்றதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2011இல் சினலோவா அரசு மதுக்கூடங்களில் இவ்வகைப் பாட்டுக்குத் தடை போட்டது; 2013இல் உச்ச நீதிமன்றம் அதை நீக்கியது. பிறகு ஃபென்டனில் என்னும் செயற்கைப் போதைமருந்து வந்து அபினின் சந்தையைப் பிடித்தது. தெற்கே குவெரேரோ மலையில் கிலோ 20,000 பேசோ வரை போன பசை 2018 வாக்கில் 8,000க்கும் கீழே இறங்கியது. பலர் நிலத்தைத் தரிசாக விட்டு வடக்கே கூலிக்குப் போனார்கள். அந்த விலைச் சரிவையும் பாடத்தான் வேண்டும். வணக்கம்.