அண்டத்தின் கணக்கும் நம் தெருவிளக்கும்

(பாளையங்கோட்டையில் வாசகர் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பெருமதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, முன்வரிசையில் வீற்றிருக்கும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியப் பெருமக்களே, பல அலுவல்களுக்கிடையே வருகை தந்துள்ள மாமன்ற உறுப்பினர் அவர்களே (உரையின் பிற்பகுதி தங்களுக்கானது என்பதால் அருள்கூர்ந்து இடையில் எழுந்துவிடக் கூடாது), நெல்லைச் சீமையின் தமிழன்பர்களே, அனைவருக்கும் வணக்கம். அண்டம் எவற்றால் ஆனது, அக்கலவை எவ்வாறு மாறிவந்தது, இனி என்னவாகும் என மூன்று செய்திகளைப் பேசுவதாக ஒப்புக்கொண்டிருக்கிறேன்.

ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்பது தாமிரபரணிக் கரையில் பிறந்த நமக்குப் பாடம். அண்டத்தையே அளந்து வைத்திருக்கிறார்கள். இன்று அதில் ஏறத்தாழ 68 விழுக்காடு இருண்ட ஆற்றல், அதாவது அண்டத்தின் விரிவை விரைவுபடுத்தும், இன்னதென்று இன்னும் விளங்காத ஆற்றல்; 27 விழுக்காடு இருண்ட பொருள், அதாவது ஒளியை உமிழாமல் ஈர்ப்பால் மட்டுமே தன்னைக் காட்டிக்கொள்ளும் பொருள். நாமும் நெல்லையப்பர் கோபுரமும் விண்மீன்களும் சேர்ந்த அணுப்பொருள் எல்லாம் 5 விழுக்காடுதான். ஆனால் 1380 கோடி ஆண்டுகளாக இதே கணக்கு இருந்ததில்லை. அண்டம் பிறந்து 3,80,000 ஆண்டுகள் ஆனபோது இருண்ட பொருள் 63, அணுக்கள் 12, ஒளி 15, நியூட்ரினோக்கள் எனப்படும் மிக இலேசான நுண்துகள்கள் 10 விழுக்காடு. இருண்ட ஆற்றலோ கணக்கில் எடுக்க முடியாத அளவு சொற்பம். அதற்கும் முன்பு, முதல் 50,000 ஆண்டுகள் அளவும், ஒளியும் நியூட்ரினோக்களுமே ஓங்கியிருந்தன.

ஏன் மாறியது? குழம்பில் தண்ணீர் ஊற்ற ஊற்ற உப்பு குறைவதுபோல, அண்டவெளி விரிய விரியப் பொருளின் அடர்த்தி குறைகிறது. ஒளிக்கு இழப்பு இரட்டிப்பு. பரந்து மெலிவதோடு அலைநீளமும் நீண்டு ஆற்றலை இழக்கிறது. வெளிக்கே உரிய இருண்ட ஆற்றலின் அடர்த்தி மட்டும், நாம் அறிந்தவரை, குறைவதில்லை. ஆகவே சூரியனும் பூமியும் தோன்றிய பின்னர் அது மற்றவற்றை முந்திவிட்டது. அண்டத்தின் விரிவு வேகம் கூடிவருவதை 1998இல் தொலைதூர விண்மீன் வெடிப்புகளைக் கொண்டு கண்டறிந்த பெர்ல்மட்டர், ஷ்மிட், ரீஸ் ஆகியோர் 2011இல் நோபல் பரிசு பெற்றனர்.

ஆக, அண்டத்தில் ஒளியின் பங்கு இன்று பத்தாயிரத்தில் ஒன்றுகூட இல்லை. நம் தெருக்களிலோ நிலைமை தலைகீழ்! வைகாசி அமாவாசையையொட்டி அம்பாசமுத்திரத்துக்கு மேற்கே ஒரு சிற்றூரில் தொலைநோக்கி வைத்திருந்தோம். இரவு பத்து மணிக்கு மேல் மின்சாரம் போயிற்று. தென்கிழக்கே மங்கலாய் ஒரு வெண்பட்டை எழுந்திருந்தது. வாசற்படியில் அமர்ந்திருந்த ஆச்சி ஒருவர், “ஏ ஐயா, அது மேகமா?” என்றார். “பால்வீதி, ஆச்சி” என்றேன். “களத்துல படுத்துக்கெடக்கயில தெனமும் பாப்போமே! இத்தன வருசமா எங்கய்யா போயிருந்துச்சு?” என்றார். “எங்கயும் போவல ஆச்சி, நம்ம லைட்டுதான் மறச்சிருக்கு” என்றான் பேரன். அதற்குள் மின்சாரம் வந்துவிட்டது. வழக்கமாக ஆரவாரம் செய்யும் பிள்ளைகள் அன்று “ச்சே!” என்றார்கள். ஆச்சியோ, “ஏல, அந்த பியூசப் புடுங்குல!” என்றாரே பார்க்கலாம்! (கைதட்டல்)

விளக்கே வேண்டாம் என்பதல்ல என் வாதம். பெண்களும் முதியோரும் இரவில் அச்சமின்றி நடக்க வேண்டும். ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்கிறபோது, வானத்தில் மட்டும் அளவின்றி ஒளியைக் கொட்டலாமா? தெருவிளக்குகளின் மேற்புறத்தை மூடி, வெளிச்சம் முழுவதும் தரையில் விழச் செய்யலாம். நீலம் கலந்த வெள்ளொளி காற்றில் மிகுதியாகச் சிதறுவதால் இளமஞ்சள் விளக்குகளைப் பொருத்தலாம். முதற்கட்டமாக ஆற்றங்கரையிலும் பள்ளி மைதானங்களின் அருகிலும் இதைச் செய்யக் கோரும் மனு வாசலருகே மேசையில் உள்ளது. மாமன்ற உறுப்பினர் அவர்கள் முதல் கையொப்பமிட்டுத் தொடங்கிவைப்பார் என நம்புகிறேன். தலைவர் இரண்டாம் முறையும் மணியடித்துவிட்டதால், அண்டம் இனி என்னவாகும் என்பதைக் கேள்வி நேரத்துக்கு விட்டு அமர்கிறேன். வணக்கம்.