ஸ்டீல்ஹெட் மீனுக்கு நடுத்தர விலையில் ஒரு ஃப்ளை ரீல்: எதைப் பார்த்து வாங்குவது?

[காட்சி: பனி மூடிய ஆறு. இடுப்பளவு நீரில் ஒருவர் நீண்ட தூண்டிற்கோலை இரு கைகளாலும் பிடித்து நிற்கிறார்.]

குரல்: வணக்கம். ஆற்றில் பிறந்து, கடலுக்குப் போய் மேய்ந்து பெருத்து, முட்டையிடுவதற்காகப் பிறந்த ஆற்றுக்கே திரும்பி வருகின்ற ரெயின்போ ட்ரவுட் மீனை வட அமெரிக்காவின் பசிபிக் கரையில் ஸ்டீல்ஹெட் என்று அழைக்கிறார்கள். ஊட்டியை அடுத்த அவலாஞ்சியில் பொரிப்பகம் அமைத்து வளர்க்கப்பட்ட ட்ரவுட்டும் இதே இனம்தான். ஆனால் மலை ஓடையிலேயே வாழ்ந்து முடிக்கும் மீனுக்கும், கடலில் உடம்பை வளர்த்துக்கொண்டு வந்த மீனுக்கும் வலுவில் பெரிய வேறுபாடு உண்டு. நான்கைந்து கிலோ எடையுள்ள ஒரு ஸ்டீல்ஹெட், முள் பட்ட அதிர்ச்சியில் நீரோட்டத்தோடு சேர்ந்து கீழ்நோக்கிப் பாயும்போது, நாம் பிடித்திருக்கும் லைன் ஐம்பது மீட்டருக்கும் மேல் சில விநாடிகளில் உருவிக்கொண்டு போய்விடும்.

சிறு ட்ரவுட்டைப் பிடிக்கும்போது ரீல் என்பது லைனைச் சுற்றிவைக்கும் ஒரு கருவி, அவ்வளவுதான். மீனைக் கையாலேயே இழுத்துக் கரை சேர்த்துவிடலாம். ஸ்டீல்ஹெட்டிடம் அது நடக்காது. எனவே வாஷிங்டன், ஓரிகன், பிரிட்டிஷ் கொலம்பியா ஆறுகளில் இரு கைக் கோலோடு மீன் பிடிக்க விரும்பும் ஒருவர், ஏறத்தாழ 150 டாலரிலிருந்து 400 டாலருக்குள் ஒரு ரீல் வாங்க நினைத்தால், அந்தப் பணத்தை எதற்குக் கொடுக்க வேண்டும், எதற்குக் கொடுக்க வேண்டியதில்லை என்பதை இந்த வீடியோவில் பார்ப்போம்.

[காட்சி: மேசைமேல் ஒரு ரீல். பின்புறக் குமிழை ஒரு கை மெல்லத் திருகுகிறது.]

குரல்: கடையில் ரீலைக் கையில் எடுத்தவுடன் எல்லோரும் செய்வது, பின்னாலிருக்கும் டிராக் குமிழை இறுதிவரை முறுக்கிவிட்டு லைனைப் பலமாக இழுத்துப் பார்ப்பது. டிராக் என்பது, மீன் லைனை உருவும்போது ஸ்பூல், அதாவது லைன் சுற்றியிருக்கும் உருளை, தாறுமாறாகச் சுழன்றுவிடாமல் தடுக்கும் இழுவைத் தடை. விளம்பரங்களும் இந்தத் தடை எத்தனை பவுண்டு என்பதையே பெரிய எழுத்தில் போடுகின்றன. ஆனால் ஸ்டீல்ஹெட்டுக்கு அந்த எண்ணால் பெரிய பயன் கிடையாது. காரணம் எளியது. ஃப்ளைக்கு, அதாவது முள்ளில் இறகும் நூலும் கட்டிச் செய்த போலி இரைக்கு, முன்னால் நாம் கட்டுகின்ற மெல்லிய நரம்பு, அதாவது டிப்பெட், பெரும்பாலும் 8 முதல் 12 பவுண்டு தாங்கக்கூடியது. அது தாங்கும் அளவில் நான்கில் ஒரு பங்கோ, மிஞ்சினால் மூன்றில் ஒரு பங்கோதான் டிராக்கின் இறுக்கமாக இருக்க வேண்டும் என்பது நெடுநாள் வழக்கம். பத்துப் பவுண்டு நரம்புக்கு அது இரண்டரை முதல் மூன்று பவுண்டு. இருபது பவுண்டு இழுவையைத் தாங்கும் ரீலை வாங்கினாலும், அந்த இருபதை நீங்கள் ஒருநாளும் பயன்படுத்தப்போவதில்லை. அதற்கு வெகு முன்பே நரம்பு அறுந்திருக்கும்.

அப்படியானால் டிராக்கில் பார்க்க வேண்டியது என்ன? அது எவ்வளவு மென்மையாகத் தொடங்குகிறது என்பதைத்தான். கனத்த பீரோவை நகர்த்தியவர்களுக்கு இது தெரியும்: முதல் அசைவுக்குத்தான் முழு பலமும் வேண்டும், நகரத் தொடங்கிவிட்டால் அதைவிடக் குறைந்த பலத்திலேயே அது வழுக்கிக்கொண்டு போகும். டிராக்கின் உள்ளே ஒன்றோடொன்று உரசும் வட்டுகளுக்கும் இதே இயல்பு உண்டு. அசையாமல் நிற்கும்போது உள்ள உராய்வு, சுழலும்போது உள்ள உராய்வைவிட அதிகம். இந்த இரண்டுக்கும் இடையிலான வேறுபாடு பெரிதாக இருக்கும் ரீலில், மீன் பாய்ந்த முதல் நொடியில் லைன் ஒரு வெட்டு வெட்டிவிட்டுத்தான் புறப்படும். அந்த ஒரு வெட்டில்தான் நரம்புகள் அறுகின்றன. நல்ல கார்பன் வட்டுகளோ, நன்கு பராமரிக்கப்பட்ட தக்கை வட்டோ உள்ள ரீலில் இந்த வெட்டு ஏறத்தாழ உணரவே முடியாத அளவுக்குக் குறைந்திருக்கும்.

ஸ்டீல்ஹெட்டுக்கு இது கூடுதலாக முக்கியமாவதற்கு இங்கே மீன் பிடிக்கும் முறையும் ஒரு காரணம். ஃப்ளையை ஆற்றின் குறுக்கே எறிந்து, நீரோட்டம் அதைக் கீழ்நோக்கி ஓர் அரைவட்டமாக இழுத்துச் செல்ல விடுகிறோம். இதற்கு ஸ்விங் என்று பெயர். லைன் முழுவதும் இறுக்கமாக இருக்கும் நிலையில்தான் மீன் வந்து கவ்வும். அப்போது பழக்கதோஷத்தில் கோலை வெடுக்கென்று தூக்கினால் முள் வாயிலிருந்து வழுவி வந்துவிடும். கோலை அசைக்காமல், மீன் கவ்வித் திரும்பும் வரை அதுவே ரீலிலிருந்து லைனை உருவட்டும் என்று பொறுத்திருக்க வேண்டும். அந்த நேரத்தில் ரீல் கொடுக்கின்ற மெல்லிய, சீரான தடையே முள்ளை மீனின் கடைவாயில் பதிய வைக்கிறது. ஆக இந்தப் பொறுப்பு நம் கையிலிருந்து ரீலுக்கு மாறிவிடுகிறது. ஆகவே கடையில் குமிழை இறுக்கிப் பார்க்காதீர்கள். பெரும்பாலும் தளர்த்திவிட்டு, லைனை விரல் நுனியால் மிக மெல்ல இழுத்துப் பாருங்கள். அசையாத நிலையிலிருந்து சுழற்சிக்கு மாறும்போது கையில் ஒரு தடுக்கல் தெரிந்தால், அந்த ரீலைத் திரும்ப வைத்துவிடலாம்.

[காட்சி: பற்சக்கரமும் சிறு நாக்கும் கொண்ட பழைய ரீல் மெல்லச் சுழல்கிறது. கிளிக் ஒலி.]

குரல்: 1872-இல் இங்கிலாந்தின் ஆல்ன்விக் ஊரில் தொடங்கப்பட்ட ஹார்டி போன்ற நிறுவனங்கள் பல தலைமுறைகளாகச் செய்துவந்த ரீல்களில் வட்டு டிராக் இல்லை. ஒரு பற்சக்கரத்தின்மீது சிறு நாக்கு உரசும், அவ்வளவுதான் தடை. மீதியை, சுழலும் ஸ்பூலின் விளிம்பில் உள்ளங்கையை வைத்து அழுத்தி நாமே கொடுக்க வேண்டும். ஸ்டீல்ஹெட் பிடிப்பவர்களில் பலர் இன்றும் இதை விட்டுப் பிரிய மறுக்கிறார்கள், அந்த ஒலியைக் கேட்டவர்களுக்கு ஏன் என்பது புரியும். எனக்கும் அது பிடிக்கும். ஆனாலும் முதல் ரீல் வாங்குபவருக்கு நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். விரல்கள் விறைத்த குளிரில், கண்முன் பாயும் மீனை வைத்துக்கொண்டு உள்ளங்கையின் அழுத்தத்தைக் கற்றுக்கொள்வதற்குப் பல மீன்களை இழக்க வேண்டியிருக்கும்.

குளிரைப் பற்றிச் சொன்னதால் இன்னொன்று. கரையோர ஆறுகளில் குளிர்கால மீன்கள் டிசம்பரிலிருந்து ஏப்ரல் வரை ஏறிவருகின்றன. கோலின் வளையங்களில் பனிக்கட்டி கட்டும்போது அதைக் கரைக்கக் கோலை நீரில் அமிழ்த்துவோம். ஆழத்தில் நிற்கையில் ரீலும் தானே நனையும். வட்டுகளுக்குள் நீர் புகுந்தால் தடை மாறிவிடும். அந்த நீர் உறைந்தால் ஸ்பூலே சுழலாது. நீர் புகாதபடி அடைக்கப்பட்ட டிராக், ஒரு காலத்தில் விலை உயர்ந்த ரீல்களில் மட்டும் இருந்தது. இன்று நடுத்தர விலையிலேயே கிடைக்கிறது. ஆர்விஸ் நிறுவனத்தின் ஹைட்ரோஸ், லாம்சன் ரீல்களில் உள்ள கூம்பு வடிவ டிராக் ஆகியவை இதற்கு நல்ல எடுத்துக்காட்டுகள். கூடுதலாக ஐம்பது டாலர் செலவழிக்க முடியும் என்றால், அதை இந்த அடைப்புக்குத்தான் செலவழிக்க வேண்டும் என்பேன்.

[காட்சி: ஒற்றைக் கை லைனும், தடித்த ஸ்காஜிட் ஹெட்டும் பக்கத்தில் பக்கத்தில்.]

குரல்: அடுத்தது அளவு. புதியவர்கள் ஏமாறும் இடம் இதுதான். கோலில் அதற்குரிய லைனின் எடையைக் குறிக்கும் எண் 7 என்று எழுதியிருக்கிறது, ரீலின் பெட்டியில் 7/8 என்று எழுதியிருக்கிறது, ஆகவே பொருந்தும் என்று நினைத்து வாங்கிவிடுகிறார்கள். ரீல் பெட்டியில் உள்ள அந்த எண் பொதுவாக ஒற்றைக் கைக் கோலின் லைனுக்கு உரியது. ஒற்றைக் கை 7-ஆம் எண் லைனின் முதல் 30 அடிக்கு நிர்ணயிக்கப்பட்ட எடை 185 கிரெயின், அதாவது 12 கிராம். ஆனால் இரு கை 7-ஆம் எண் கோலில் நாம் போடுகின்ற ஸ்காஜிட் ஹெட், அதாவது எறிவதற்கு எடை தரும் லைனின் தடித்த முன்பகுதி, ஏறத்தாழ 500 கிரெயின், அதாவது 32 கிராம் இருக்கும். நீளம் குறைவு, பருமன் மிக அதிகம். அதன் பின்னால் ரன்னிங் லைன் என்னும் மெல்லிய லைன் நூறடி, அதற்கும் பின்னால், மீன் தூரம் ஓடினால் கைகொடுக்க ஸ்பூலின் அடியில் சுற்றும் பேக்கிங் நூல் 150 கெஜமாவது. இவ்வளவும் அடங்க வேண்டுமானால் 9/10 என்று குறிக்கப்பட்ட ரீலையே எடுக்க வேண்டும்.

பெரிய ரீலால் இன்னும் இரண்டு நன்மைகள் உண்டு. முதலாவது, சமநிலை. பதின்மூன்றடிக் கோலின் நுனி எப்போதும் தன் எடையால் முன்னோக்கிச் சாயும். நாளெல்லாம் எறிபவரின் மேல் கை மணிக்கட்டு அதைச் சுமக்க வேண்டும். பின்னால் 250 முதல் 320 கிராம் வரை எடையுள்ள ரீல் இருந்தால் அந்தச் சுமை குறையும். ரீல் எவ்வளவு இலேசாக இருக்கிறதோ அவ்வளவு நல்லது என்ற ட்ரவுட் கணக்கு இங்கே செல்லாது. உங்கள் கோலையே கடைக்கு எடுத்துச் சென்று, லைன் சுற்றிய ரீலை மாட்டி, மேல் கை பிடிக்கும் இடத்தில் ஒரு விரலால் தாங்கிப் பார்ப்பது நல்லது.

இரண்டாவது, ஸ்பூலின் நடுத்தண்டு. தண்டு பருமனாக உள்ள ரீலை லார்ஜ் ஆர்பர் என்கிறார்கள். பாய்ந்து ஓடிய மீன் சட்டென்று திரும்பி நம்மை நோக்கியே வருவது ஸ்டீல்ஹெட்டின் வழக்கம். தளர்ந்த லைனை உடனே சுற்றி எடுக்காவிட்டால் முள் கழன்றுவிடும். லைன் சுற்றியிருக்கும் வட்டத்தின் விட்டம் 9 சென்டிமீட்டராக இருந்தால் ஒரு சுற்றுக்கு 28 சென்டிமீட்டர் லைன் உள்ளே வரும். முப்பது மீட்டருக்கு 107 சுற்றுகள் போதும். தண்டு மெலிந்த ரீலில் லைன் பெரும்பகுதி போய்விட்டு விட்டம் 4 சென்டிமீட்டருக்குச் சுருங்கியிருந்தால், அதே முப்பது மீட்டருக்கு 240 சுற்றுகள் சுற்ற வேண்டும். அது மட்டுமல்ல. டிராக் தண்டின்மீது செலுத்தும் முறுக்குத் தடை மாறாதபோது, விட்டம் பாதியாகச் சுருங்கினால் லைனில் விழும் இழுவை இருமடங்காகும். ஆற்றங்கரையில் மிகக் கவனமாக வைத்த மூன்று பவுண்டு, மீன் நூறு மீட்டர் தள்ளிப் போன பிறகு, நாம் குமிழைத் தொடாமலேயே ஆறு பவுண்டை நெருங்கிவிடும். நீரில் நீண்டு கிடக்கும் லைனின் இழுவையும் அதோடு சேரும். பருமனான தண்டு இந்த ஏற்றத்தைப் பெரிதும் அடக்குகிறது.

[காட்சி: ஸ்பூலுக்கும் சட்டத்துக்கும் இடையிலான இடைவெளி, மிக அருகில்.]

குரல்: இனி, விலைப்பட்டியலில் யாரும் எழுதாத, ஆனால் என் அனுபவத்தில் மிகவும் முக்கியமான ஒரு விஷயம். தடித்த ஹெட்டுக்குப் பின்னால் பலர் வெறும் நைலான் நரம்பையே ரன்னிங் லைனாகப் போடுகிறார்கள், ஏனென்றால் அது வளையங்களில் வழுக்கிக்கொண்டு தூரம் போகும். அதன் தடிமன் அரை மில்லிமீட்டரைச் சற்றே தாண்டும். ஸ்பூலின் விளிம்புக்கும் ரீலின் சட்டத்துக்கும் இடையில் அதைவிட அகலமான இடைவெளி இருந்தால், தளர்ந்த நரம்பு அதற்குள் நுழைந்து பின்புறத்தில் சிக்கிக்கொள்ளும். நான் முதலில் வாங்கிய ரீலில் இது நடந்தது. பிப்ரவரி மாதத்து மாலை ஒன்றில், அந்த நாளின் ஒரே மீன் கவ்வி இருபது மீட்டர் ஓடியதும், ஸ்பூல் அடித்து நிறுத்தியதுபோல் நின்றது. அடுத்த நொடி நரம்பு அறுந்தது. அந்த மீன் என் முள்ளைச் சுமந்துகொண்டு போயிற்று என்ற நினைப்பே எனக்கு அதிக வருத்தம் தந்தது.

இதற்குத் தீர்வு, ஸ்பூலைச் சுற்றி முழுவதும் கூண்டுபோல அமைந்த சட்டம் உள்ள ரீலைத் தேர்ந்தெடுப்பது. ஸ்பூல் அந்தக் கூண்டுக்குள் நெருக்கமாக அமர்ந்திருக்க வேண்டும். சட்டைப்பையில் ஒரு சாண் நைலான் நரம்பை எடுத்துச் சென்று, அந்த இடைவெளியில் சுற்றிலும் நுழைத்துப் பாருங்கள். ஓரிடத்தில் நுழைந்தாலும் அந்த ரீல் இந்த வேலைக்கு ஆகாது. ஸ்பூலைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டியும் பாருங்கள். ஆட்டம் இருந்தால் இன்று சிறிதாக உள்ள இடைவெளி நாளை பெரிதாகும்.

உலோகத்தைப் பொறுத்தவரை, அச்சில் உருக்கி வார்த்த அலுமினியம், திண்மத் தண்டிலிருந்து கடைந்தெடுத்த அலுமினியம் என இரண்டு வகை உண்டு. வார்ப்பு மலிவு, ஆனால் பாறையில் விழுந்தால் விரிசல் விடும் வாய்ப்பு அதிகம். வழுக்குப் பாறைகள் நிறைந்த ஆறுகளில் விழாத ரீல் இல்லை. ரெடிங்டன் பெஹிமோத் வார்ப்பு ரீல்தான் என்றாலும், பருமனான தண்டும் கார்பன் டிராக்கும் கொண்டிருப்பதால், குறைந்த பணத்தில் தொடங்குபவர்களுக்கு அதை நான் தயங்காமல் சொல்வேன். கொஞ்சம் பொறுத்துச் சேமிக்க முடிந்தவர்கள் கடைந்தெடுத்த ரீலுக்குப் போகலாம். நிறமும் மேற்பூச்சின் பளபளப்பும் மீனுக்குத் தெரியாது. கைப்பிடியை இடப்பக்கம், வலப்பக்கம் மாற்ற முடியுமா, மாற்று ஸ்பூல் தனியாகக் கிடைக்குமா என்ற இரண்டையும் மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

[காட்சி: வீட்டு முற்றம். கோலின் வளையங்கள் வழியாக வந்த லைனின் நுனியில் ஒரு சுருள்வில் தராசு.]

குரல்: வாங்கிய பிறகு, ஆற்றுக்குப் போவதற்கு முன் வீட்டிலேயே ஒரு வேலை இருக்கிறது. ரீலைக் கோலில் மாட்டி, லைனை எல்லா வளையங்களிலும் கோத்து, நுனியைச் சுருள்வில் தராசில் கட்டி, கோலைச் சற்று வளைத்துப் பிடித்துக்கொண்டு ஒருவரை மெல்ல இழுக்கச் சொல்லுங்கள். பத்துப் பவுண்டு டிப்பெட்டுக்கு, ஏறத்தாழ 1.2 கிலோவில் லைன் உருவத் தொடங்க வேண்டும். அந்த நிலையில் குமிழ் எங்கே நிற்கிறது என்று அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள். ஸ்விங்கின்போது அதைவிடச் சற்றுத் தளர்த்தி வைத்திருந்து, முள் பதிந்த பிறகு அடையாளத்துக்குக் கொண்டுவரலாம். ஒரேயடியாகத் தளர்த்தி விடவும் கூடாது. இயற்கையாகப் பிறந்த ஸ்டீல்ஹெட் பல ஆறுகளில் அருகிவிட்டது. அதை விடுவித்தே ஆக வேண்டும் என்பது அங்கெல்லாம் சட்டம். வாஷிங்டன் மாநிலத்தில் அப்படி விடுவிக்க வேண்டிய மீனை நீரிலிருந்து முழுமையாக வெளியே எடுப்பதற்கும் அனுமதி இல்லை. தளர்ந்த டிராக்கில் நீண்ட நேரம் ஓடவிட்டுக் களைத்துப்போன மீன், கையிலிருந்து நீந்திப் போனாலும் பிழைக்காமல் போகலாம்.

வீடு திரும்பியதும் ரீலை நல்ல தண்ணீரில் அலசி, ஸ்பூலைக் கழற்றிக் காயவையுங்கள். டிராக் குமிழை முற்றிலும் தளர்த்திவிட்டுப் பையில் வையுங்கள். இறுக்கிய நிலையில் மாதக்கணக்கில் கிடக்கும் வட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, அடுத்த பருவத்தின் முதல் மீன் பாயும்போது பழைய வெட்டைத் திரும்பக் கொண்டுவந்துவிடும்.